காற்றில் வந்த விஷமும் சாமியின் கோபமும்

(திருத்தணியில் செய்த சொற்பொழிவு)



இத்திருத்தணியை 1960-ம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி ஆந்திராவிலிருந்து பிரித்துச் சென்னை ராஜ்யத்தோடு சேர்த்தார்கள். எல்லைக்காக எவ்வளவோ கிளர்ச்சி நடந்தது. ஆனால் காற்றுக்கு எல்லைக்கல் நட்டவர் யாராவது உண்டா? அதில் ஏறி வரும் விஷம், தமிழன் வயலா தெலுங்கன் வயலா என்று கேட்டுக் கொண்டா இறங்குகின்றது?

கேரளத்திலே காசர்கோடு ஜில்லாவில், சர்க்கார் ஸ்தாபனத்தின் முந்திரித் தோட்டங்களில் பூச்சியைக் கொல்வதற்காக, எண்டோசல்பான் என்னும் மருந்தை 1970-களின் பிற்பகுதி முதல் 2000 வரையில் ஹெலிகாப்டரிலிருந்து தெளித்தார்கள். தோட்டமோ குன்றின்மேல், குடியோ பள்ளத்தில். மேலே தெளித்தது காற்றில் அலைந்து கீழே கிணற்றிலும் ஓடையிலும் புல்லிலும் விழுந்தது. தேனீ குறைந்தது, மீனும் தவளையும் செத்தன, கன்றுகள் கோணற்காலோடு பிறந்தன. பிறகு குழந்தைகளும் ஊனமாய்ப் பிறந்தன.

இதற்கு அவ்வூரார் பலர் சொல்லிக்கொண்ட காரணம் என்னவென்றால், "ஜடாதாரி சாமியின் கோபம்" என்பதேயாகும். சாமிக்குக் கோபம் வருமானால் தெளித்தவன்மேல் வராமல் தொட்டிலில் கிடக்கும் குழந்தைமேலா வரவேண்டும்? பழியைச் சாமிமேல் போட்டிருந்த வரையில் தெளித்தவனைக் கேட்பாரில்லை. கடைசியில் கேட்டவர்களில் ஒருவர் ஒரு பெண்மணி. விவசாய இலாகாவில் உத்தியோகம் பார்த்த லீலாகுமாரி அம்மாள் 1998-ல் கோர்ட்டுக்குப் போய், ஆகாயத்திலிருந்து தெளிப்பதற்குத் தடை வாங்கினார்.

இவ்விஷம் காசர்கோட்டோடு நின்றுவிடவுமில்லை. உஷ்ண பூமியில் ஆவியாகி மேலே போகும், குளிர்ந்த இடத்தில் இறங்கும், மறுபடி கிளம்பும். இப்படியே தத்தித் தத்தி, ஒரு முந்திரி மரங்கூட இல்லாத வடதுருவப் பனியிலும் போய்ச் சேர்ந்திருப்பதைக் கண்டார்கள். ஆகவேதான் 2011 ஏப்ரலில் ஜினீவாவில் கூடிய தேசங்கள் இதை உலகத்திலிருந்தே ஒழிப்பதென்று தீர்மானித்தன. அவ்வருஷம் மே 13-ந் தேதி நமது சுப்ரீம் கோர்ட்டும் தடைவிதித்தது.

தோழர்களே! எண்டோசல்பான் போனாலும் வேறு மருந்துகள் உண்டு. தெளிக்க இன்று டிரோன்களும் உண்டு. ஆகவே நாம் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். உங்கள் மாந்தோப்பில் தேனீ மறைந்தால், கன்று ஊனமாய்ப் பிறந்தால், முடிபோட்டு வைத்துக்கொண்டு மலையேறுவதற்கு முன், பக்கத்துக் காட்டில் என்ன மருந்து, என்றைக்கு அடித்தார்கள், அன்று காற்று எந்தப் பக்கம் வீசிற்று என்று விசாரித்து எழுதி வையுங்கள். விவசாய ஆபீசில் கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கள். சாமியைக் கேட்டால் பதில் வராது. மனிதனைக் கேட்டால் அவன் பதில் சொல்லித்தான் தீரவேண்டும்.