பருவத்தோடு போகும் வேலை

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் ‘சீசன் வந்துவிட்டது’ என்கிறோம். உதகையிலும் கொடைக்கானலிலும் சித்திரை வைகாசியில் அதே சொல்லைச் சொல்கிறோம். அதுவரை வெறிச்சோடிக் கிடந்த விடுதிகளில் விளக்கு எரிகிறது. சமையற்கட்டுக்கு ஆள் தேடுகிறார்கள். பாத்திரம் துலக்க எங்கிருந்தோ பையன்கள் வந்து சேருகிறார்கள். இரண்டு மாதம் கழிந்தால் வந்தவர்கள் எல்லாரும் மூட்டை கட்டிவிடுகிறார்கள். இந்த இரண்டு மாதத்து வாழ்வை ஒரு பெரிய மலைத்தொடர் முழுவதற்கும் பெருக்கிப் பாருங்கள். ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையில் நடப்பது அதுதான். டிசம்பரில் பனி இறுகியதும் சறுக்கு விளையாட்டுக்காக ஜனங்கள் திரள்கிறார்கள். ஏப்ரலில் அது இளகியதும் கலைந்து போகிறார்கள். கோடை வந்தால் கூட்டம் கடற்கரைக்கு இறங்குகிறது. இத்தாலியில் ரிமினி, ஸ்பெயினில் மயோர்க்காத் தீவு, கிரேக்க நாட்டுத் தீவுகள் ஆகியவை நிரம்பி வழிகின்றன. விடுமுறைக்காரர்களின் கூட்டத்துக்குப் பின்னாலேயே மற்றொரு கூட்டமும் செல்கிறது. முன்னவர்களுக்குச் சோறு ஆக்கவும் படுக்கை விரிக்கவும் செல்கிற கூட்டம் அது. அவர்களில் பலர் குளிர்காலத்தை மலையிலும் கோடையைக் கடலோரத்திலும் கழித்து, நடுவே உள்ள வெறும் வாரங்களில் மட்டும் தம் ஊரைப் பார்க்கிறவர்கள்.

பனிமலையில் வேலை, ஓய்வு நாளில் சறுக்கு விளையாட்டு, கையில் அந்நிய நாட்டுப் பணம். இப்படி ஒரு படத்தைக் காட்டினால் ஆசைப்படாத மாணவர் எவர்? ஆசைப்படுவதில் தவறும் இல்லை. ஆயினும் இதே வேலை, இதே விடுதியில், ஒருவனுக்கு உல்லாசமாகவும் வேறொருவனுக்குச் சிறைவாசம் போலவும் இருந்திருக்கிறது. அந்த வேறுபாடு பனியிலும் இல்லை, சம்பளத்திலும் இல்லை. சட்டைப்பைக்குள் இருக்கும் அனுமதிச் சீட்டில் இருக்கிறது என்பதே நான் இன்று சொல்ல விரும்புவது.

ஆல்ப்ஸ் மலையில் பருவ வேலை விளையாட்டோடு பிறந்ததன்று; பசியோடு பிறந்தது. டிரோல், ஃபோரார்ல்பெர்க், கிராபூண்டன் ஆகிய மலைப்பகுதிகளில் நிலம் சிறுத்துக் குடும்பம் பெருத்த வீடுகளில், பிள்ளைகளை ஆண்டுதோறும் வெளியூருக்கு வேலைக்கு அனுப்பினார்கள். மார்ச்சு 19-ஆம் நாள் வரும் புனித சூசையப்பர் திருநாளை ஒட்டி, பெரியவர் ஒருவர் முன்னே நடக்க, பனி இன்னும் கரையாத கணவாய்களைக் கடந்து அந்தச் சிறுவரும் சிறுமியரும் தென்ஜெர்மனியில் உள்ள ஷ்வாபியாவுக்குக் கால்நடையாகப் போனார்கள். ராவென்ஸ்பூர்க், ஃபிரீட்ரிக்ஸ்ஹாஃபென் முதலிய ஊர்களின் சந்தையில் குடியானவர்கள் அவர்களைப் பார்த்துப் பேரம் பேசி அழைத்துச் சென்றார்கள். இலையுதிர்காலம் வரை மாடு மேய்ப்பும் வயல்வேலையும். கூலி, கொஞ்சம் காசும் புதிய உடுப்பும். ‘ஷ்வாபியக் குழந்தைகள்’ என்றே அவர்களுக்குப் பெயர் வழங்கிற்று. 1915-இல் ஃபிரீட்ரிக்ஸ்ஹாஃபென் சந்தை நின்றது. 1921-இல் வியூர்ட்டெம்பெர்க் அரசு, வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகளும் பள்ளிக்குச் சென்றாக வேண்டும் என்று விதித்தவுடன் வழக்கமே ஏறக்குறைய மறைந்துபோயிற்று. பள்ளிக்கூடத்து மணியைச் சபிக்கும் மாணவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

அந்தக் கிராபூண்டன் பகுதியிலேயே இருக்கிறது செயிண்ட் மோரிட்ஸ் என்னும் ஊர். 1864-இல் அங்கு விடுதி நடத்திய யோஹன்னஸ் பாட்ரூட் என்பவர், கோடைக்கு வந்த ஆங்கில விருந்தினரிடம், “குளிர்காலத்திலும் வந்து பாருங்கள், வெயில் இல்லை என்றால் வழிச்செலவு என்னுடையது” என்ற கருத்தில் பந்தயம் கட்டினாராம். அவர்கள் வந்தார்கள், வசந்தம் வரை திரும்பவே இல்லை. இது விடுதிக்காரர்கள் சொல்லிச் சொல்லி மெருகேறிய கதைதான். ஆனால் குளிர்கால உல்லாசப் பயணம் அந்தக் காலத்தை ஒட்டித்தான் அங்கே வேர்விட்டது என்பதில் ஐயமில்லை. காலப்போக்கில் ஆறு திசை மாறியது போல ஆயிற்று. தன் பிள்ளைகளைக் கூலிக்கு வெளியே அனுப்பிய மலைநாடு, கூலிக்கு வெளியார் வரவேண்டும் என்று கேட்கத் தொடங்கியது.

வந்தவர்களை ஸ்விட்சர்லாந்து எப்படி வைத்துக்கொண்டது? 1931-இல் இயற்றி 1934-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி பருவத் தொழிலாளர்க்குத் தனியான அனுமதி ஒன்று ஏற்பட்டது. இத்தாலியரும், பின்னர் ஸ்பானியரும் போர்த்துகீசியரும் யூகோஸ்லாவியரும் இதைக் கொண்டு விடுதிகளிலும் வயல்களிலும் கட்டட வேலையிலும் உழைத்தார்கள். ஆண்டுக்கு ஒன்பது மாதம் இருக்கலாம். மூன்று மாதம் நாட்டைவிட்டு வெளியேறியாக வேண்டும். முதலாளியை மாற்றக்கூடாது. மனைவி மக்களை அழைத்து வரக்கூடாது. பிரீக், கியாஸோ ஆகிய எல்லை நிலையங்களில் சட்டையைக் கழற்றி வைத்தியப் பரிசோதனைக்கு வரிசையில் நிற்க வேண்டும். பிரிவைத் தாங்க மாட்டாமல் பிள்ளைகளைக் களவாக அழைத்து வந்தவர்கள் உண்டு. அந்தப் பிள்ளைகள் பகலெல்லாம் அறைக்குள்ளேயே, சத்தம் போடாமல், சன்னலருகே போகாமல் இருந்தார்கள். ஆளரவம் கேட்டால் துணி அலமாரிக்குள் ஒளிந்தார்கள். ‘அலமாரிக் குழந்தைகள்’ என்று பின்னாளில் அவர்களைக் குறிப்பிட்டார்கள். இப்படி வளர்ந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். இந்த அனுமதி முறையை ஒழிக்க வேண்டும் என்ற கோரிக்கை 1981 ஏப்ரலில் பொதுவாக்கெடுப்புக்கு வந்தபோது, வாக்களித்தவர்களில் நூற்றுக்கு 84 பேர் வேண்டாம் என்றார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தோடு செய்துகொண்ட உடன்பாடு நடைமுறைக்கு வந்த 2002-இல்தான் அது ஒழிந்தது.

பழங்கதை என்று தள்ளிவிட வேண்டாம். நம்மவர் ஒருவர் இன்று ஐரோப்பாவுக்குப் பருவ வேலைக்குப் போனால், அவரைக் காக்கும் விதிகள் இத்தகைய அனுபவங்களுக்குப் பின் எழுதப்பட்டவை. ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நாட்டவரைப் பருவ வேலைக்கு அமர்த்துவது பற்றி 2014-இல் ஐரோப்பிய ஒன்றியம் ஓர் ஆணை பிறப்பித்தது. பன்னிரண்டு மாதத்தில் ஐந்திலிருந்து ஒன்பது மாதம் வரை, அந்தந்த நாடு வகுத்த அளவுக்குத் தங்கலாம். வேலை நிலைமைகளில் உள்நாட்டாருக்கு உள்ள உரிமை இவர்களுக்கும் உண்டு. இருப்பிடம் முதலாளியே தருவதானால் அதன் வாடகை சம்பளத்தைப் பார்க்க அதிகமாக இருக்கக்கூடாது. சம்பளத்திலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ளவும் கூடாது. அந்த எல்லைக்குள் காலத்தை நீட்டவும் வேறு முதலாளியிடம் போகவும் ஒரு முறை இடம் உண்டு. டென்மார்க்கும் அயர்லாந்தும் இந்த ஆணையில் சேரவில்லை. பிரான்ஸோ 2016-இல் செய்த மலைநாட்டுச் சட்டத்தின் வழியே, உல்லாசப் பயண ஊராட்சிகள் பருவத் தொழிலாளர் இருப்பிடத்துக்கு வழிதேட வேண்டும் என்று கட்டாயமாக்கியது. விருந்தினருக்கு விடுதிமேல் விடுதி கட்டிய ஊர்களில் தொழிலாளி தலைசாய்க்க இடமில்லாமல் வண்டியிலேயே உறங்கியதை வேறு எப்படிச் சரிசெய்வது?

வேலைதான் என்ன? கம்பிவடத்தில் தொங்கி மலையேறும் நாற்காலிகளில் ஜனங்களை ஏற்றி இறக்குவது, சறுக்குக் கட்டைகளை வாடகைக்குக் கொடுத்துக் காலணி அளவு பார்ப்பது, அறை கூட்டுவது, பாத்திரம் துலக்குவது, மதுக்கடையில் பரிமாறுவது, விருந்தினரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது. இரவில் எல்லாரும் உறங்கும்போது பெரிய இயந்திரங்களை ஓட்டிச் சரிவுகளைச் சமன் செய்பவர்கள் ஒரு தனி வகை. சறுக்கு சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் வேலைக்கு முறையான பயிற்சியும் சான்றும் வேண்டும். ஆசை மட்டும் போதாது.

ஆல்ப்ஸ் மலை விடுதிகளில் பலவற்றில் சனிக்கிழமை என்றால் ஊழியர்களுக்கு வயிற்றைக் கலக்கும். ஒரு வாரத்து விருந்தினர் காலையில் புறப்படுவார்கள். அடுத்த வாரத்தார் மாலையில் வந்திறங்குவார்கள். நடுவில் உள்ள சில மணி நேரத்துக்குள் ஒவ்வோர் அறையிலும் விரிப்புகளைக் கழற்றி மாற்ற வேண்டும். குளியலறை தேய்க்க வேண்டும். அடுப்படி கழுவ வேண்டும். வாசலில் விழுந்த பனியை அள்ள வேண்டும். இரவுச் சாப்பாடும் தயாராக வேண்டும். வெளியே, கண்கூசும் வெயிலில், மலை சர்க்கரைக் குன்று போல் மின்னிக்கொண்டிருக்கும். அதைப் பார்க்க நேரம் இராது. அந்த மலையின் அழகை ஓய்வு நாளில் மட்டும்தான் அனுபவிக்க முடியும். அதற்கும் சறுக்குச் சீட்டு முதலாளி தருகிறாரா, கால் முறிந்தால் வைத்தியச் செலவு யார் தலையில் விழும் என்பதை முன்பே கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

பருவ வேலைக்கு மற்றொரு முதலாளியும் இருக்கிறார். அவர் வானம். 2023 ஜனவரித் தொடக்கத்தில் ஆல்ப்ஸ் மலையின் தாழ்ந்த சரிவுகளில் பனியே இல்லாமல் புல் தெரிந்தது. பல இடங்களில் ஓட்டங்களை மூடினார்கள். பனி பொழியாத ஊரில் பாத்திரமும் சேராது, பரிமாற விருந்தும் இராது. 2020 மார்ச்சு நடுவில் கொள்ளைநோய் காரணமாகப் பிரான்ஸின் சறுக்குத் தலங்கள் ஓரிரவில் மூடப்பட்டன. அடுத்த குளிர்காலம் முழுவதும் அங்கே கம்பிவட நாற்காலிகள் பொதுமக்களுக்கு ஓடவே இல்லை. முறையான ஒப்பந்தம் கையில் இருந்தவர்களுக்கு அரசு உதவியோடு சம்பளத்தின் ஒரு பங்காவது கிடைக்க வழி இருந்தது. வாய்வார்த்தையை நம்பியவர்களுக்கு அதுவும் இல்லை. ஆகவே உயரமான தலங்களையே முதலில் நாடுவது புத்திசாலித்தனம். அங்கே பனி நெடுநாள் நிற்கிறது.

இனி, நம் மாணவருக்கு எந்தக் கதவு திறந்திருக்கிறது? கதவுகள் இரண்டு, அவை எதிரெதிரானவை. ஐரோப்பியக் கதவில் முதலில் வேலை, பிறகு அனுமதி. அங்குள்ள முதலாளி ஒருவர் ஒப்பந்தம் தந்தால்தான் விசா கேட்கவே முடியும். ஒன்றியத்து நாட்டவர்க்கு இந்தத் தொல்லை இல்லை. பிரிட்டிஷ் இளைஞர்களுக்கும் 2020 முடிய இருந்ததில்லை. ஒன்றியத்தைவிட்டு அவர்கள் நாடு விலகிய பின், 2021 முதல், முன்பு தம் சொந்த முற்றம் போல் புழங்கிய பிரெஞ்சு மலைகளில் வேலை செய்ய அவர்களும் அனுமதி கேட்டு நிற்க நேர்ந்தது. கடவுச்சீட்டின் அருமை அன்றுதான் அவர்களுக்கு விளங்கியிருக்கும்!

மற்றொரு கதவு ஆஸ்திரேலியா. அங்கே முதலில் அனுமதி, பிறகு வேலை. ‘வேலையும் விடுமுறையும்’ என்னும் விசாத் திட்டத்தை அந்நாடு 2024-இல் இந்தியருக்கும் திறந்தது. வயது 18 முதல் 30 வரை. ஆண்டுக்கு 1000 இடங்கள். சிறு கட்டணம் செலுத்திப் பெயர் பதிந்தால் குலுக்கலில் தேர்வு. பெயர் வந்தவர்கள், பள்ளிக்கல்விக்கு மேல் இரண்டாண்டுப் படிப்பும் ஆங்கில அறிவும் கையில் போதிய பணமும் இருப்பதைக் காட்ட வேண்டும். பன்னிரண்டு மாதம் தங்கலாம். ஒரே முதலாளியிடம் பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது. பருவத்தோடு இடம் மாறுகிறவருக்கு இது தடையே அன்று. இந்த அனுமதியின் சிறப்பு, அது எந்த முதலாளியையும் சார்ந்திராமல் உங்கள் பெயரில் இருப்பது. விடுதிக்காரர் சம்பளத்தை இழுத்தடித்தால் வணக்கம் சொல்லிவிட்டு அடுத்த விடுதிக்குப் போகலாம். அந்தப் பழைய ஸ்விஸ் தொழிலாளிக்கு இல்லாமற்போனது இந்த ஒரு வசதிதான். 2025 ஜூலையில் அங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டாலராக உயர்ந்தது. நிரந்தரமில்லாத வேலையாளுக்கு அதன்மேல் கால்பங்கு கூடுதல். குறைத்துக் கொடுத்தால், விசாவில் வந்தவரும் முறையிட அரசு அலுவலகம் உண்டு.

இரண்டு கதவுக்கும் வெளியே மூன்றாவதாக ஒருவர் நிற்பார். “சுற்றுலா விசாவில் போ தம்பி, போனபின் மாற்றிக்கொள்ளலாம்” என்பார், முன்பணம் கேட்பார். சுற்றுலா விசாவில் வேலை செய்வது குற்றம். பிடிபட்டால் அடுத்த பல ஆண்டுகளுக்குக் கதவு அடைபடவும் கூடும். வேலை தேடித்தரத் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கலாகாது என்பதே 1997-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு செய்த உடன்படிக்கையின் பொது விதி. நம் நாட்டில் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம், வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் முகவர் அரசில் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்று விதித்தது. முகவர் ஒருவர் பதிவு எண் சொன்னால் அதைச் சரிபார்க்கச் சென்னையிலேயே குடிபெயர்வோர் காப்பாளர் அலுவலகம் இருக்கிறது. போய்க் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

ஒப்பந்தத்தைக் கையில் வாங்கியதும் சம்பளத் தொகையைப் பார்ப்பதற்கு முன் நான்கைந்து வரிகளைத் தேடிப் படியுங்கள். எந்தத் தேதி தொடங்கி எந்தத் தேதி முடிகிறது? வாரத்துக்கு எத்தனை மணி, எத்தனை நாள் ஓய்வு? அறைக்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு, அறையில் எத்தனை பேர்? பனி பொய்த்தால் என்ன? வழிச்செலவு யாருடையது? ஒரு படியை வீட்டில் அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.

காலமும் முக்கியம். ஆல்ப்ஸ் மலையின் குளிர்காலத்துக்கு ஜூன் முதல் அக்டோபர் வரை ஆள் எடுக்கிறார்கள். கிறிஸ்துமஸ் நெருக்கடியைத் தாங்காமல் சிலர் ஓடிவிடுவதால் ஜனவரியில் மறுபடியும் சில இடங்கள் காலியாகின்றன. ஆஸ்திரேலியாவிலோ பருவம் தலைகீழ். அங்கே பனிக்காலம் நம் ஆனி, ஆடியில் வருகிறது. திரெட்போ, பெரிஷர், ஃபால்ஸ் க்ரீக் முதலிய தலங்களில் ஜூன் மாதத்து இரண்டாம் திங்கட்கிழமை விடுமுறையை ஒட்டிப் பருவம் தொடங்கி, அக்டோபர் தொடக்கத்தில் முடிகிறது. அந்த வேலைக்கு எழுத வேண்டிய கடிதத்தைப் பொங்கல் கழிந்ததுமே எழுதத் தொடங்க வேண்டும்.