தமிழ் பேசத் தெரிந்தவர் ஒருவர் அங்கே இருக்கட்டும்

(சமூக மன்றத்தில் மூத்த குடியிருப்பாளர்களுக்காக நடந்த சுகாதார நிகழ்ச்சியில், பலதுறை மருந்தகத் தொண்டூழியர் ஒருவர் ஆற்றிய உரை)

அண்ணன்மாரே, அக்காமாரே, என்னைவிட மூத்த ஐயாக்களே, அம்மாக்களே!

தொண்டூழியம் என்றதும் உங்களில் பலர் என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். "எனக்கே முட்டிவலி. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நானே மருந்தகம் போய் வரிசையில் உட்காருகிறேன். நான் போய் யாருக்கு உதவுவது?" என்பீர்கள். அப்படிப்பட்டவர்தான் எங்களுக்கு வேண்டும். எண் எடுக்கும் இயந்திரம் எங்கே இருக்கிறது, இரத்தம் எடுக்கும் அறை எது, மருந்து வாங்க எங்கே காத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். முதல் தடவை வருகிறவருக்கு அதுவே பெரிய உதவி.

நான் வாரத்தில் ஒரு நாள் காலை போகிறேன். பெரும்பாலும் திங்கட்கிழமை, ஏனென்றால் அன்றுதான் கூட்டம் அதிகம். என் வேலையைக் கேட்டால் சிரிப்பீர்கள். பாதி நேரம் இரத்த அழுத்தம் பார்க்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கிறேன். பேருந்தைவிட்டு இறங்கி வேகமாக நடந்து வந்தவர் நேராக உட்கார்ந்து கையை நீட்டுவார். "ஐயா, ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள்" என்பேன். கால்மேல் கால் போடக்கூடாது, பாதம் தரையில் பட வேண்டும், காப்பி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், அளக்கும்போது பேசக்கூடாது. இந்தக் கடைசி விஷயத்தைத்தான் நம் ஆட்களுக்குச் சொல்லி மாளாது! ஆனால் இவற்றைக் கவனிக்காவிட்டால் எண் கூடுதலாகக் காட்டும். தேவையில்லாத கவலை அதில்தான் தொடங்குகிறது.

இன்னொரு விஷயம், தலையாட்டுவது. தாதி ஆங்கிலத்தில் ஏதோ சொல்வார். நாம் இரண்டு பக்கமும் தலையை அசைப்போம். நமக்கு அது "சரி". சீன, பிலிப்பினோ தாதியருக்கு அது "இல்லை" போலத் தெரியும். இதைவிட ஆபத்தானது, புரியாமலேயே "யெஸ், யெஸ்" என்று சொல்லிவிட்டு வருவது. மரியாதைக்காகச் சொல்கிறோம். டாக்டரின் நேரத்தை வீணாக்கக்கூடாது என்று சொல்கிறோம். அதற்கு என்ன விலை என்று ஒரு நாள் கண்ணால் பார்த்தேன்.

எழுபது வயதிருக்கும் ஓர் அம்மா, இரத்தப் பரிசோதனைக்காக முதல் நாள் இரவிலிருந்து சாப்பிடாமல் வந்திருந்தார். மூலை நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தூங்குகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். குளிரூட்டியின் கீழேயே அவருக்கு நெற்றி வியர்த்திருந்தது, கை நடுங்கியது. "அம்மா, காலையில் மாத்திரை போட்டீர்களா?" என்று கேட்டேன். "போட்டேனே, இனிப்பு நீர் மாத்திரையை விடக்கூடாது இல்லையா?" என்றார். சாப்பிடாமல் வரச் சொன்னது அவருக்குப் புரிந்திருக்கிறது. அன்று காலை அந்த மாத்திரையையும் நிறுத்தி வைக்கச் சொன்னது புரியவில்லை. சில சர்க்கரை மாத்திரைகளை வெறும் வயிற்றில் போட்டால் இரத்தத்தில் சர்க்கரை மிகவும் இறங்கிவிடும், மயக்கம் வரை போகும். உடனே தாதியைக் கூப்பிட்டேன். அவர் இனிப்புப் பானம் கொடுத்து, விரலில் குத்திப் பார்த்து, பக்கத்திலேயே இருந்தார். அரை மணி நேரத்தில் அந்த அம்மா என்னிடம் "தம்பி, எந்த ஊர்?" என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

அங்கே நான் செய்தது இரண்டுதான். தமிழில் ஒரு கேள்வி கேட்டேன், தாதியைக் கூப்பிட்டேன். மாத்திரையை நிறுத்துங்கள், பாதி போடுங்கள், எனக்கு இந்த மருந்து நன்றாகக் கேட்டது என்றெல்லாம் தொண்டூழியர் வாய் திறக்கக்கூடாது. கஷாயம், லேகியம் பற்றியும் கருத்துச் சொல்லக்கூடாது. "வீட்டில் சாப்பிடுகிற எல்லா மருந்தையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு வந்து டாக்டரிடம் காட்டுங்கள்" என்று மட்டும் சொல்லலாம். மருந்து வாங்கியவரிடம் நான் கேட்கும் ஒரு கேள்வி உண்டு. "வீட்டுக்குப் போனதும் உங்கள் மகள் கேட்டால் இதை எப்படிப் போடச் சொன்னார்கள் என்பீர்கள்?" பதில் தடுமாறினால், மறுபடியும் மருந்தாளரிடம் அழைத்துப் போவேன்.

அடுத்தது, நம்மவர்கள் பலருக்கும் உள்ள பயம். "நம் புளோக்கு ஆள் அங்கே உட்கார்ந்திருந்தால், என் நோய் சாயங்காலத்துக்குள் கோயில்வரை போய்விடுமே!" இந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் சேரும்போதே இரகசியம் காப்பதைப் பற்றி வலியுறுத்திச் சொல்கிறார்கள். அங்கே பார்த்தவரைக் கோயிலில் பார்த்தால் "சுகர் எப்படி இருக்கு?" என்று அக்கறையாகக் கேட்பதுகூடத் தவறு. பக்கத்தில் அவருடைய சம்பந்தி நின்றுகொண்டிருக்கலாம். வீட்டில் மனைவியிடமும் நான் சொல்வதில்லை. அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

கைத்தொலைபேசி உதவியும் அதிகம் கேட்கிறார்கள். 2023 ஜூலையில் ஹெல்தியர் எஸ்ஜி தொடங்கியபோது, பதிந்துகொள்ளச் சொல்லி வந்த குறுஞ்செய்தி உண்மையா மோசடியா என்று தெரியாமல் பலர் திண்டாடினார்கள். உதவி செய்யலாம், ஆனால் தொலைபேசி அவர் கையிலேயே இருக்க வேண்டும், அவரே தட்ட வேண்டும். சிங்பாஸ் மறைச்சொல்லையோ வங்கி எண்ணையோ தொண்டூழியர் கேட்கவே மாட்டார். யாராவது கேட்டால் அவரை நம்பாதீர்கள்.

ஆங்கிலம் சரளமாக வர வேண்டுமா? தாதியைக் கூப்பிடும் அளவுக்கு இருந்தால் போதும். மலாய் தெரிந்தால் இன்னும் நல்லது, பழைய ஆட்கள் பலருக்கு அது தெரியும். நின்றுகொண்டே இருக்க முடியாதவர்களுக்கு உட்கார்ந்து செய்யும் வேலையும் உண்டு. சளி, காய்ச்சல் இருந்தால் வரக்கூடாது, ஆண்டுதோறும் சளிக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது. வழுக்காத காலணி அவசியம். உங்கள் மாத்திரையையும் சாப்பாட்டையும் நேரத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டும், உதவ வந்தவரே மயங்கி விழுந்தால் தாதிக்கு இரட்டை வேலை. பேரப்பிள்ளைகளைப் பார்க்கும் பொறுப்பு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அதற்கேற்ப நாள் பார்க்கலாம்.

மருந்தக வேலை ஒத்துவராது என்பவர்கள், மூத்தோரை வீட்டுக்கே சென்று சந்திக்கும் தொண்டூழியத்தில் சேரலாம். 2014இல் முன்னோடித் தலைமுறைத் தொகுப்பை வீடு வீடாக விளக்கத் தொடங்கிய அந்தப் பணி இன்றும் நடக்கிறது. ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பை 1800-650-6060 என்ற எண்ணில் அழைத்துக் கேளுங்கள். பலதுறை மருந்தகத்தில் சேர விரும்பினால், அடுத்த தடவை மருந்து வாங்கப் போகும்போது முகப்பிலேயே விசாரிக்கலாம்.

பின்னால் மேசையில் தேநீரும் படிவங்களும் இருக்கின்றன. கண்ணாடி கொண்டுவராதவர்கள் என்னிடம் வாருங்கள், நான் படித்துச் சொல்கிறேன்.