சிதைந்த நெற்களங்களைச் செப்பனிடுதல்

(பாபநாசத்தில் விவசாயிகள் முன்னிலையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நெல்லைப்பற்றி உங்களுக்கு எடுத்துச் சொல்ல நான் வரவில்லை. அவ்விஷயத்தில் நீங்களே எனக்கு ஆசிரியர்கள். நெல் வந்து விழும் தரையைப்பற்றி மட்டும், கொத்து வேலையில் பல ஆண்டுகள் பழகியவன் என்ற உரிமையில் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

இங்கே திருப்பாலைத்துறைக் கோயிலிலுள்ள நெற்களஞ்சியத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 1600-க்கும் 1634-க்கும் இடையில், தஞ்சை நாயக்கர் காலத்தில் கட்டப்பட்டது அது. 86 அடி அகலமும் 36 அடி உயரமும் உடையது. 3000 கலம் நெல் கொள்ளும் என்பர். விளைந்ததைக் காப்பதில் நம் முன்னோர் எவ்வளவு சிரத்தை கொண்டிருந்தனர் என்பதற்கு அது சாட்சி. ஆனால் களஞ்சியம் எவ்வளவு உறுதியாயினும் ஈர நெல்லை அதில் இட்டால் பயனில்லை. நெல் முதலில் காய வேண்டும். காய்வதற்குக் களம் வேண்டும்.

பழைய மண்களத்தை ஒவ்வோர் அறுவடைக்கு முன்பும் செதுக்கி, நீர் தெளித்துத் தட்டி, சாணமிட்டு மெழுகினோம். பிறகு சிமெண்டுக் களங்கள் வந்தன. அவற்றுக்கு மராமத்தே வேண்டியதில்லை என்று எண்ணிவிட்டோம். இன்று அவற்றில் பல பொருக்குவிட்டும் வெடித்தும் குழி விழுந்தும் கிடப்பதற்கு அவ்வெண்ணமே காரணம்.

அறுவடை இயந்திரம் வயலிலேயே கதிரைப் பிரித்து நெல்லைக் கொட்டிவிடும் இந்நாளில் களம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். முன்பு அரிக்கட்டு வயலிற் கிடந்து சிறிது உலர்ந்த பின்னரே களத்துக்கு வந்தது. இப்பொழுது ஊர் முழுவதன் நெல்லும் இரண்டொரு நாளில், பச்சை ஈரத்தோடு வந்து குவிகிறது. குறுவை அறுவடையோ புரட்டாசி, ஐப்பசி மழையோடு போட்டியிடுகிறது. 17 சதவீதத்துக்கு மேற்பட்ட ஈரமுள்ள நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் ஏற்பதில்லை என்பது பொதுவிதி. மழைக் காலங்களில் அரசாங்கம் அதைச் சிறிது தளர்த்துவதுண்டு. எனினும் அந்தத் தளர்வை நம்பி யாரும் பயிரிட முடியாது. களம் பழுதானால் நெல் சாலைக்குப் போகிறது. அங்கே வண்டிச் சக்கரத்தில் நசுங்குகிறது. இரவில் வரும் சைக்கிள்காரனின் கைகாலையும் முறிக்கிறது.

நான் செய்த தவறு

இவ்விடத்தில் என் தவறு ஒன்றையும் ஒப்புக்கொள்ளுகிறேன். பல வருஷங்களுக்கு முன் ஒரு கிராமத்தில் களத்தின் மேற்பரப்பு மாவு மாவாக உதிர்வதைக் காட்டி, அறுவடைக்குள் சரி செய்யும்படி கேட்டார்கள். பத்து நாளே இருந்தது. நான் களத்தைப் பெருக்கிவிட்டுக் கால் அங்குல கனத்திற்குச் சிமெண்டுச் சாந்து பூசி, பளபளவென்று இழைத்துக் கொடுத்தேன். பார்த்தவர்கள் மெச்சினார்கள். மூன்றாம் நாளே நெல்லை அதிற் பரப்பினார்கள். வெயிலில் அப்பூச்சு அப்பளம்போல் எழும்பிற்று. காலும் பலகையும் பட்டு நொறுங்கிற்று. ஒரு குத்தகைக்காரரின் நெல் முழுவதிலும் காரைத்தூள் கலந்துவிட்டது. வாங்க வந்த வியாபாரி ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அடுத்த குவியலுக்குப் போய்விட்டார். அந்தக் குத்தகைக்காரரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய வீட்டார் நான்கு நாள் உட்கார்ந்து அந்நெல்லைச் சலித்தார்கள். கூலி வாங்கிய கை அன்று கூசிற்று. இன்று நான் சொல்லப்போவதெல்லாம் அதிற் கற்ற பாடமே: பழுதின்மேற் பூசுவது மராமத்தன்று, பழுதை எடுப்பதே மராமத்து.

கேட்டின் காரணம்

காங்கிரீட்டுக்குப் பெரும் பகை நீரே. மலைப்பிரதேசங்களில் இது கண்கூடு. ஏறக்குறைய 7350 அடி உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழுகிறது. 11500 அடி உயரத்திலுள்ள லடாக்கின் லே நகரத்திலோ குளிர் இன்னும் கடுமை. தளத்தின் நுண்துளைகளிற் புகுந்த நீர் பனிக்கட்டியாகும்போது சுமார் 9 சதவீதம் பருக்கிறது. இரவில் உறைந்தும் பகலில் உருகியும் அது மேற்பரப்பைச் செதில் செதிலாகப் பெயர்க்கிறது. கலவைக்குள் மிகச் சிறிய காற்றுக் குமிழிகளை வேண்டுமென்றே அமைத்து இதைத் தடுக்கும் முறையை அமெரிக்காவில் 1930-களிற் கண்டனர்.

நம் காவிரி நாட்டில் உறைபனி இல்லை. ஆயினும் அதே நீர் வேறு வழியில் வேலை செய்கிறது. களத்தின் கீழுள்ள களிமண் மழையில் உப்பி, கோடையிற் பாளம் பாளமாகச் சுருங்குகிறது. மேலுள்ள தளம் தாங்குதலின்றி வெடிக்கிறது. மேற்பரப்பிலோ சித்திரை வெயிலிற் காய்ந்த தளத்தின்மேல் திடீரென்று மழை பெய்கிறது. ஒவ்வொரு முறையும் அது விரிந்து சுருங்கிக் களைக்கிறது. இவற்றுடன் நம் கைப்பிழையும் சேருகிறது. வேலை சுலபமாக வேண்டுமென்று கலவையில் நீரை மிகுதியாக ஊற்றுகிறோம். மிகுந்த நீர் மேலே கசிந்து நிற்க, அதை உறிஞ்ச உலர்ந்த சிமெண்டைத் தூவி இழைக்கிறோம். இவ்வாறு அமைந்த மேற்றோல் வலுவற்றது. இரண்டு போகத்துக்குள் தூளாகும்.

சோதித்தல்

சந்தையிற் பானை வாங்கும் பெண்மணி அதைச் சுண்டிப் பார்க்காமல் வாங்குவதில்லை. களத்தையும் அவ்வாறே சுத்தியால் இரண்டடிக்கு ஓரிடமாகத் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் நல்லது. டொப்பென்று ஒலித்தால் மேலடுக்கு விட்டுப்போயிற்று என்று அறிந்து, அவ்விடத்தைச் சுண்ணாம்பினாற் கோடிட்டுக்கொள்ளுங்கள். பிறகு வெடிப்புகளைப் பாருங்கள். வெடிப்பின் இரு கரைகளும் ஒரே மட்டமாக இருந்தால் அது மேலுள்ள நோய். ஒரு கரை தாழ்ந்தும், மிதித்தால் அசைந்தும் இருந்தால் கீழேயுள்ள மண் இறங்கியிருக்கிறது. அந்தப் பகுதியை முழுதும் உடைத்தெடுத்து, களியை நீக்கி, மணலும் கப்பியும் இட்டுத் திமிசு போட்டு, புதிதாகவே அமைக்க வேண்டும். அங்கே மேற்பூச்சுக்குச் செலவிடுவது வீண்.

செய்முறை

குழிகளைச் செப்பனிடுவதற்கு, பழுதான பாகத்தை உளியாற் கொத்தி, உறுதியான காங்கிரீட்டு தெரியும்வரை எடுக்கவும். ஓரங்கள் சரிவாக மெலிந்து போகலாகாது. முக்கால் அங்குலமாவது நேர் ஆழம் இருக்கும்படி சதுரமாக வெட்ட வேண்டும். மெலிந்த ஓரமே முதலிற் பெயரும். கம்பித் தூரிகையாற் தேய்த்து, தூசி முழுதும் போகக் கழுவி, இரவு முழுவதும் நனைய விடவும். மறுநாள் வேலை தொடங்கும்போது தளம் ஈரமாயிருக்கலாம், நீர் தேங்கியிருக்கலாகாது. கூழ்ப்பதமான சிமெண்டுப் பாலைத் தூரிகையால் அழுத்தித் தேய்த்து, அது காயுமுன் சாந்தை இடவும். காய்ந்த பால் ஒட்டுவதற்குப் பதில் பிரித்துவிடும். குழிக்கு 1 பங்கு சிமெண்டுக்கு 3 பங்கு மணல் போதும். ஒட்டுதலுக்கென்று கடைகளில் விற்கும் திரவங்கள் உதவி செய்யும். கொத்துவதற்கும் கழுவுவதற்கும் அவை ஈடாகா.

களம் முழுவதும் மேற்பரப்பு உதிர்ந்து, அடித்தளம் மட்டும் உறுதியாயிருந்தால், முழுப் பரப்பையும் கொத்திக் கழுவி, 1½ அங்குல கனத்திற் புதிய மேற்றளம் போடலாம். இதற்கு 1:2:4 கலவை. ஜல்லி அரை அங்குலத்துக்கு மேற்படலாகாது. பத்தடிக்குப் பத்தடி பரப்புக்குச் சுமார் 2¼ மூட்டை சிமெண்டும், 5½ கன அடி மணலும், 11 கன அடி ஜல்லியும் பிடிக்கும். ஒரு மூட்டைக்கு 25 லிட்டருக்கு மேல் நீர் வேண்டாம். மணல் ஈரமாயிருந்தால் இன்னும் குறைக்கவும். சவுட்டு மணலைச் சேர்க்கலாகாது. ஒரு கண்ணாடிப் போத்தலில் மணலும் நீருமிட்டுக் குலுக்கி வைத்தால், மேலே படியும் வண்டலின் கனம் மணலின் தரத்தைச் சொல்லிவிடும்.

பழைய தளத்தில் இணைப்புகள் எங்கே உள்ளனவோ, அவற்றுக்கு நேராகவே மேற்றளத்திலும் இணைப்பு விடுக. இல்லையேல் கீழுள்ள கோடு மேலே வெடிப்பாகத் தோன்றும். பத்தடிக்கு 1¼ அங்குலம் வாட்டம் இருந்தால் மழைநீர் நிற்காது. கசிந்த நீர் மறைந்தபின் மணியாசுக்கட்டையால் தேய்த்து, கரணையால் ஒருமுறை மட்டும் இழைத்தால் போதும். உலர்ந்த சிமெண்டைத் தூவுவதை அடியோடு விட்டுவிடுங்கள்.

நீர் காட்டுதல்

இதுவரை பகைவனென்று சொன்ன நீர், புதுத்தளத்துக்குத் தாயாகிறது. சிமெண்டு காய்வதனால் இறுகுவதில்லை. நீரோடு கூடியே இறுகுகிறது. ஆகவே தளம் கெட்டியானவுடன் ஈரக் கோணியால் மூடி, மறுநாள் வயலுக்கு வரப்புக் கட்டுவதுபோல் களிமண்ணாற் சிறு வரப்பெடுத்து, இரண்டங்குலம் நீர் நிறுத்துங்கள். இப்பொழுது கடைகளில் மிகுதியாகக் கிடைக்கும் சாம்பல் கலந்த சிமெண்டுக்கு 14 நாள் இவ்வாறு நீர் நிறுத்துவது நலம். 28 நாள்வரை டிராக்டரை ஏற்ற வேண்டாம். நான் அன்று கொடுத்தது மூன்று நாள். அதன் விலையை வேறொருவர் கொடுத்தார்.

சம்பா, தாளடி நெல் களத்தைவிட்டு நீங்கியபின், மாசி பங்குனியே இவ்வேலைக்கு ஏற்ற காலம். விடியலில் தொடங்கி வெயில் ஏறுமுன் முடிப்பது நல்லது. அறுவடைக்கு முந்திய வாரம் கொத்தனாரைத் தேடுவது எவ்வகையிலும் தகாது.

பொதுக் கடமை

கடைசியாக ஒன்று. ஊர்ப் பொதுக்களம் எல்லோருக்கும் சொந்தம். ஆகவே பழுது பார்ப்பது ஒருவர் பொறுப்பும் இல்லை என்ற நிலை வந்துவிட்டது. நம் முன்னோர் வாய்க்காலையும் ஏரியையும் குடிமராமத்தாற் காத்தார்கள். அப்பெயரிலேயே 2017-இல் தமிழ்நாட்டரசும் நீர்நிலைகளைச் செப்பனிடும் திட்டத்தைத் தொடங்கிற்று. வாய்க்காலுக்குச் செய்வதைக் களத்துக்கும் செய்யலாம். ஆண்டுக்கு ஒருநாள், தை அறுவடை முடிந்தவுடன், ஊரார் கூடிக் களத்தைத் தட்டிப் பார்த்து, ஒரு கையளவு குழியாயிருக்கும்போதே அடைத்துவிட்டால் ஒரு மூட்டை சிமெண்டோடு முடியும். ஐந்தாண்டு விட்டுவைத்தால் களமே புதிதாக வேண்டும். அதற்கு மனுக் கொடுத்துக் காத்திருக்கும் காலத்தில் எத்தனை போகம் சாலையிற் கிடக்குமோ!

நெல்லை விளைவிக்க நாலு மாதம் பாடுபடுகிறீர்கள். அது கடைசியாக நம் ஊரில் தங்கும் இரண்டு மூன்று நாளைக்கு நல்ல தரையொன்று கொடுப்பது நம்மால் ஆகாத காரியமன்று. இவ்வாண்டு மாசியிலேயே ஒரு சுத்தியை எடுத்துக்கொண்டு உங்கள் களத்துக்குப் போய்த் தட்டிப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டு, என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.