உட்காரக் கூடாத சுவர்

(சித்தன்னவாசலில் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, காலையில் ஏழடிப்பட்டம் ஏறிப் பார்த்திருப்பீர்கள். குகைக்குள் 17 கற்படுக்கைகள். தலை வைக்கிற இடத்தில் கல்லையே தலையணை மாதிரி மேடாக விட்டுச் செதுக்கியிருக்கான். ஒரு படுக்கையில் ஏறக்குறைய 2000 வருஷத்துக்கு முந்திய தமிழி எழுத்து. வேறொரு நாட்டில் பிறந்த துறவிக்கு இன்னார் செய்து கொடுத்தது என்கிறது. சமணத்தைத் தூக்கிப் பிடிக்க இதைச் சொல்லவில்லை. வெளியூர்க்காரன் படுக்கட்டும் என்று கல்லை வழித்த கை ஒன்று இந்த மலையில் இருந்திருக்கு, அதுதான் எனக்கு முக்கியம்.

இப்போ கல்லும் சிமெண்டும் என்ன வேலை செய்யுது? லண்டனில் கேம்டன் பகுதிக்கு 2012இல் ஒரு கான்கிரீட் பெஞ்ச் செய்தார்கள். எல்லாப் பக்கமும் சரிவு. உட்காரலாம், படுக்க முடியாது. வீடில்லாதவனை விரட்டப் போலீஸ் வேண்டாம், பெஞ்சே போதும். படித்தவர்கள் இதை என்னமோ புதுசு போலப் பேசுகிறார்கள். நமக்கு இது பழைய சரக்கு.

மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989 மோதலுக்குப் பின் ஆதிக்க சாதியார் எழுப்பிய சுவர் எல்லோருக்கும் தெரியும். அதில் மின்சாரம் பாய்ச்சியது 2008இல் அம்பலமானது. அந்த மே 6ஆம் தேதி ஒரு பகுதியை அரசு இடித்தது. அதே ஊரில் தலித்துகள் பக்கம் பஸ் நிழற்குடை வரவிடாமல் தடுத்தார்கள். கட்டைச்சுவரின் உயரத்தையும் கூட்டினார்கள், நம்மாளு உட்காரக் கூடாதாம். பெரிய சுவர் செய்தியானது. சின்னச் சுவரைப் பற்றி நாமே அதிகம் பேசவில்லை.

2019 டிசம்பர் 2, மேட்டுப்பாளையம் நடூர். பக்கத்து வீட்டுக்காரரின் உயரமான சுற்றுச்சுவர் மழையில் சரிந்து, தூங்கிக்கொண்டிருந்த 17 தலித்துகள் செத்தார்கள். இங்கே 17 படுக்கை, அங்கே 17 பிணம். இந்தக் கணக்கு ஒத்துப்போவது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் காலையிலிருந்து மனசை விட்டுப் போகமாட்டேங்குது.

இதே அன்னவாசல் ஒன்றியத்து வேங்கைவயலைப் பற்றி அடுத்துப் பேசும் தோழர் சொல்வார். நான் என் கதைக்கு வருகிறேன்.

நான் வேலை பார்த்த ஒரு வங்கிக் கிளையின் வாசலோரம் ஒரு சிமெண்டுத் திட்டு இருந்தது. முதியோர் பென்ஷன் வாங்க வருகிற கிழவிகள் டோக்கன் கூப்பிடும்வரை அதில்தான் உட்காருவார்கள். உள்ளே நாற்காலி உண்டு. வாட்ச்மேன் யாரை உட்கார விடுவார் என்று உங்களுக்கே தெரியும். கார் வைத்திருக்கும் வாடிக்கையாளர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை திட்டு முழுக்கக் கூரான கருங்கல் சில்லைப் பதித்துவிட்டார்கள். 'பராமரிப்புச் செலவு' என்று கொத்தனார் கூலிக்கு வவுச்சர் எழுதியது இந்தக் கை. கவிதை எழுதுகிற அதே கைதான்.

திங்கட்கிழமை எங்க தெரு அப்பாயி ஒருத்தி வந்தாள். கல்லைத் தடவிப் பார்த்தாள். "இதுல எப்புடி ஒக்கார்றது அய்யா?" என்றாள். என்னைத் தூக்கி வளர்த்தவள். ஆபீஸ் வாசல் என்பதால் அய்யா.

டோக்கன் நம்பரைச் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.