காசின் பின்முகம்



பழனிக்கு மேற்கே, சண்முகநதிக்கு அப்பாலுள்ள கலையம்புத்தூரில் 1856ஆம் ஆண்டு ஒரு புதையல் வெளிப்பட்டது. அதில் இருந்தவை 63 உரோமானியப் பொற்காசுகள். கடல் கடந்த மன்னர்தம் முகங்கள் பொதினி மலையின் அடிவாரம் வரை வந்து மண்ணுள் உறங்கின என்பது எண்ணுந்தொறும் வியப்பளிப்பது.

உரோமானியக் காசின் முன்முகத்தில் பேரரசனின் தலை. பின்முகத்தில் பெரும்பாலும் ஒரு தெய்வம், அன்றேல் ஒரு சின்னம். அரசன் இன்னான் என முன்முகம் அறிவிக்கும். அவனை எங்ஙனம் எண்ணவேண்டும் எனப் பின்முகம் கற்பிக்கும். கிளாடியசு (கி.பி. 41-54) வெளியிட்ட காசு வகை ஒன்றில் சிறகுடைய பெண்தெய்வம் நிற்கிறாள், முன்னே ஒரு பாம்பு. எழுத்து அவளை அமைதித் தெய்வம் என்கிறது. தோற்றமோ செருக்குடையாரை ஒறுக்கும் நெமிசிசு. கழுத்தருகே ஆடையைச் சற்றே இழுத்துப் பிடித்திருக்கிறாள். தன் மார்பில் துப்பித் தீங்கு விலக்கும் செய்கை அது என்பர் அறிஞர். கண்ணேறு கழிக்கும் தமிழ்த் தாய்மார்க்கு இதற்கு உரை வேண்டுவதில்லை.

இத்தகைய காசுகளைச் சேரரும் கண்டனர். சண்முகநதி சென்று கலக்கும் அமராவதியின் மணற்படுகையில், கரூரில், 'மாக்கோதை' என்று தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த வெள்ளிக்காசுகள் கிடைத்துள்ளன. பக்கவாட்டில் அரசன் முகம். தலைமேல் அவன் பெயர். அமைப்பு உரோமானியரைப் பின்பற்றியது என்பதில் ஐயமில்லை. ஆயின் பின்முகம் வெறுமையாக விடப்பட்டுள்ளது. முகத்தைப் பதிக்கும் முறையை ஏற்ற சேரன் துணைக்கு ஒரு தெய்வத்தை அழைக்கவில்லை. தொழில்முறை பற்றிய எளிய காரணமும் இதற்கு இருக்கக்கூடும். எனினும் அவ்வெறுமை பாவலர் நின்று நோக்கத்தக்கது.

ஏனெனில், பின்முகத்தை நிரப்பும் பணி பிற்காலத்தில் பாவலரிடமே வந்து சேர்ந்தது. பிரான்சு நாட்டில் பதினான்காம் லூயி மன்னனின் பதக்கங்களுக்கு இலத்தீன் தொடர்களும் உருவகங்களும் வகுப்பதற்கென்றே 1663இல் கோல்பேர் என்னும் அமைச்சர் ஓர் அவையம் நிறுவினார். நாடகப் பெருங்கவிஞர் இராசீனும் அங்கதக் கவிஞர் புவாலோவும் பின்னர் அதில் அமர்ந்தனர். மன்னன் பிறப்பைக் குறிக்கும் பதக்கத்தில் குழந்தை கதிரவனின் தேரில் வருகிறது! 1702இல் இப்பதக்க வரலாறு பெருநூலாகவே அச்சேறியது. போரில் அழிந்த ஊர்களின் ஓலத்திற்கு அந்நூலில் இடமில்லை. உருவகம் அழகுற அமைந்ததா என்பதே புலவர் கவலையாயிற்று.

தமிழ்ப் புலவர் தெய்வ உவமையை அறியாதாரல்லர். புறநானூற்று 56ஆம் பாட்டில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனைச் சினத்தால் கூற்றுக்கும், வலியால் பலதேவனுக்கும், புகழால் திருமாலுக்கும், எண்ணியதை முடித்தலால் முருகனுக்கும் ஒப்பிடுகிறார். யவனர் கொணர்ந்த மது பொற்கலத்தில் மணப்பதும் அதே பாட்டில்தான். சேரன் வெறுமையாக விட்ட பின்முகத்தில் நக்கீரர் நான்கு தெய்வங்களை நிறுத்திவிட்டார் எனலாம். பாட்டு சிறந்ததே, ஆயினும் நன்மாறனின் முகம் அதில் தெரியவில்லை.

முகம் தெரிய வேண்டுமெனில் பொதினிக்கே மீளவேண்டும். ஆவியர் கோமான் பேகனின் உருவம் பொறித்த காசு எதுவும் அறியப்படவில்லை. மயிலுக்குப் போர்வை ஈந்த கொடை ஒன்றே அவனுக்குப் பதக்கமாயிற்று. அப்பதக்கத்தையும் பரணர் திருப்பிப் பார்த்தார். 145ஆம் பாட்டில் மயில் பெற்ற போர்வையைச் சொல்லி அவனை விளித்தபின், பசித்து வந்திலேம், தாங்கவேண்டிய சுற்றமும் எமக்கில்லை என்கிறார். அவர் வேண்டிய பரிசில் ஒன்றே: இன்றிரவே தேரேறிச் சென்று, பிரிந்து வருந்தும் மனைவி கண்ணகியின் துயரைக் களையவேண்டும். கபிலரும் அரிசில்கிழாரும் பெருங்குன்றூர்கிழாரும் அவனிடம் அதனையே வேண்டி நின்றனர்.