இரு திருவாதிரைகளுக்கு இடையே



நாளை வைகறையில் கூத்தப்பெருமானுக்குத் திருமுழுக்கு நிகழவிருக்கும் இந்த இரவில், மாறுதல் மிகுந்ததோர் ஆண்டையும் இனி வரும் காலத்தையும் பற்றி அடியேனுடைய எண்ணங்களைக் கூறுமாறு பணித்திருக்கிறார்கள். புராணம் சொல்பவனிடம் சொந்த எண்ணங்களைக் கேட்பது சற்றே துணிச்சலான செயல்தான். ஆயினும் பணித்தவர்கள் இத்திருக்கோயில் மண்டபத்தில் நாற்பது ஆண்டுகளாக அடியேனைப் பொறுத்துக்கொண்டிருப்பவர்கள், மறுக்க இயலவில்லை.

ஆண்டு என்பதை நம் முன்னோர் எவ்வாறு அளந்தனர் என்பதை முதலில் நோக்குவோம். மக்களுக்கு ஓராண்டு, தேவர்களுக்கு ஒரு நாள் என்பது மரபு. தை முதல் ஆனி வரையிலான உத்தராயணம் அவர்களுக்குப் பகல். ஆடி முதல் மார்கழி வரையிலான தட்சிணாயனம் இரவு. ஒரு நாளில் ஆறு காலப் பூசை நிகழ்வது போலவே, ஆடவல்லானுக்கு ஓராண்டில் ஆறு திருமுழுக்குகள். மார்கழித் திருவாதிரை வைகறைப் பூசை. மாசிச் சதுர்த்தசி காலைச்சந்தி. சித்திரைத் திருவோணம் உச்சிக்காலம். ஆனி உத்திரம் சாயரட்சை. ஆவணிச் சதுர்த்தசி இரண்டாங்காலம். புரட்டாசிச் சதுர்த்தசி அர்த்தசாமம். நமக்கு நெடிதாகத் தோன்றும் ஆண்டு, அம்பலவாணர் திருமுன்பு விடிந்து அடையும் ஒரே பொழுது. சிறுவயதில் ஆசிரியரிடம் பாடம் கேட்டபோது இக்கணக்கை மனப்பாடமாகக் கொண்டேன். இதன் பொருள் நெஞ்சில் உறைத்தது 2020ஆம் ஆண்டில்.

அவ்வாண்டில் ஒரு புதுமை உண்டு. திருவாதிரை அதில் இருமுறை வந்தது. சனவரி 10 அன்று ஒன்று. டிசம்பர் 30 அன்று மற்றொன்று. அதற்கு முந்தைய 2019ஆம் ஆண்டில் ஒன்றுகூட வரவில்லை. திங்கள் விண்மீனொடு கூடும் நாளைக் கொண்டு விழா அமைவதால், ஆங்கில ஆண்டுக் கணக்கில் இவ்வாறு நேர்வதுண்டு. அந்த இரு திருவாதிரைகளுக்கும் இடையே 355 நாள். நம்மில் யாரும் மறக்க இயலாத நாட்கள் அவை. இன்று அடியேன் பேச எடுத்துக்கொண்டது அந்த ஓராண்டையே. ஆண்டுகள் சில கடந்துவிட்டமையால், இப்போது அதைக் கலங்காமல் திரும்பிப் பார்க்க முடிகிறது.

ஆண்டின் தொடக்கம் மங்கலமாகவே இருந்தது. பிப்ரவரி 5 அன்று தஞ்சைப் பெருவுடையார் கோயிலில், 23 ஆண்டுகளுக்குப் பின் குடமுழுக்கு நடைபெற்றது. வடமொழி மந்திரங்களோடு தமிழ்த் திருமுறைகளும் ஒலித்த குடமுழுக்கு அது. கடல் போன்ற அக்கூட்டத்தில் அடியேனும் ஒருவனாய் நின்றேன். தோளோடு தோள் உராய நின்றோம். ஒரே கலத்து நீரை முன்பின் அறியாத நால்வர் பருகினோம். அக்கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்வதற்கென்றே இராசராச மன்னர் 48 பிடாரர்களை அமர்த்தினார், உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவரையும் உடன் வைத்தார், ஆக ஐம்பதின்மர். கல்வெட்டு இதனைத் தெளிவாகக் கூறுகிறது. இந்த 48 என்னும் எண்ணைச் சற்று நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன், பின்னர் தேவைப்படும்.

மாசித் திருமுழுக்குக் கழிந்து சில நாட்களே ஆயின. மார்ச்சுத் திங்களில் திருக்கோயில்களில் அடியார் வழிபாடு நிறுத்தப்பட்டது. 24ஆம் நாள் நள்ளிரவு முதல் நாடெங்கும் ஊரடங்கு. இவ்வூர் இராசகோபுரக் கதவு பட்டப்பகலில் சாத்தப்பட்டிருந்ததை அடியேன் அதற்கு முன் கண்டதில்லை. எழுபது எண்பது வயதுடைய மூதாட்டியர் தெருவில் நின்று, கோபுரத்தைக் கும்பிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பினார்கள். கோபுரம் தூலலிங்கம் என்று நூல் கற்ற நாம் மேடையில் விளக்குவோம். நூல் கல்லாத அவர்கள் அதை நடத்தியே காட்டினார்கள்.

அக்காலத்தில் சிலர் அடியேனிடம் வந்து, சற்றுச் சினத்தோடே வினவினார்கள்: “திருமறைக்காட்டில் நாவுக்கரசர் பாடிக் கதவைத் திறந்தார் என்று ஆண்டுதோறும் சொல்கிறீரே, இப்போது பாடித் திறக்கக் கூடாதா?” நல்ல வினாதான். ஆனால் வினவியவர்கள் கதையில் பாதியையே நினைவில் வைத்திருந்தார்கள். மறைகள் பூசித்துத் திருக்காப்பிட்ட கதவு அது. அப்பர் பெருமான் பாடினார்; காலம் தாழ்த்தே திறந்தது. உட்புகுந்து வழிபட்டு வெளியே வந்ததும், அடைப்பதற்குப் பாடுமாறு ஞானசம்பந்தப் பெருமானை அப்பரே வேண்டினார். பிள்ளையார் பாடத் தொடங்கியவுடனே கதவு அடைத்துக்கொண்டது. திறப்பதற்கு ஒரு பதிகம் என்றால், அடைப்பதற்கும் ஒரு பதிகம் அருளப்பட்டிருக்கிறது. கதவு என்பது திறக்கவும் வேண்டும், அடைக்கவும் வேண்டும். அதற்காகவே அதைக் கதவு என்கிறோம், இல்லையேல் சுவர் என்றிருப்போம். உயிர் காப்பதற்காகக் கதவை அடைத்தவர்களும் அன்று ஒரு திருத்தொண்டே செய்தார்கள் என்பது அடியேனின் துணிவு.

கொடிமாடச் செங்குன்றூரில், இன்றைய திருச்செங்கோட்டில், அடியார்களைப் பனிச்சுரம் பற்றியபோது பிள்ளையார் பாடியருளிய திருநீலகண்டப் பதிகத்தை அவ்வாண்டில் இல்லந்தோறும் ஓதினார்கள். அடியேனும் ஓதினேன், ஓதுமாறு சொன்னேன். கூடவே முகக்கவசம் அணியுங்கள், மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள் என்றும் சொன்னேன். “ஐயருக்கே பதிகத்தில் நம்பிக்கை போதவில்லை” என்று ஒருவர் கேலி செய்தார். மருந்தை அறிந்த அறிவும் அவன் தந்ததுதானே!

பூசையை ஆன்மார்த்தம், பரார்த்தம் என இரண்டாக வகுப்பர். தன் பொருட்டுத் தன் இல்லத்தில் செய்வது ஆன்மார்த்தம். உலகின் பொருட்டுத் திருக்கோயிலில் செய்வது பரார்த்தம். அடியார் வழிபாடு நின்ற அந்நாட்களிலும் பரார்த்த பூசை நிற்கவில்லை. சிவாசாரியார் உள்ளே சென்றார், காலந்தவறாமல் மணி ஒலித்தது, விளக்கு எரிந்தது. காண்பார் எவருமில்லை. காண்பாரைக் கருதிச் செய்வதன்று பரார்த்தம் என்று நூல்கள் கூறுவதை நாம் அன்று காதால் கேட்டோம். அந்த மணியோசையைக் கேட்டு, பல ஆண்டுகளாகக் கைவிட்டிருந்த ஆன்மார்த்த பூசையைத் தங்கள் வீட்டில் மீண்டும் தொடங்கியவர்கள் இத்தெருவிலேயே மூவர் உளர்.

நின்றுபோனது திருவிழா. நித்தியம் நடந்தது, நைமித்திகம் ஒடுங்கியது. மதுரையில் மே 4 அன்று மீனாட்சியம்மை திருக்கல்யாணம் சிவாசாரியார் சிலரைக் கொண்டே நிகழ்ந்தது. மக்கள் அதனைத் திரையில் கண்டு, மங்கல மகளிர் தம் இல்லங்களிலேயே திருமாங்கல்யக் கயிறு மாற்றிக்கொண்டனர். தில்லையில் ஆனித் திருமஞ்சனத்துத் தேர்கள் வீதிக்கு வரவில்லை. திருவிழா என்பது யாது? நடக்கமாட்டாதவர், நோயுற்றவர், கோயிலுக்குள் வர ஒருகாலத்தில் தடுக்கப்பட்டவர், வர மனமில்லாதவர், இவர்கள் அனைவரையும் தேடி இறைவன் தானே வீதிக்கு எழுந்தருளும் கருணை. அக்கருணையின் நிழலில் எத்தனை குடும்பங்கள் உண்டு உடுத்து வாழ்கின்றன என்பது தேர் நின்ற பின்பே நமக்குப் புலப்பட்டது. நாகசுரக்காரர், தவிற்காரர், சுவாமியைத் தோளில் சுமக்கும் சீர்பாதம் தாங்கிகள், பூத்தொடுப்போர், பந்தல் போடுவோர், பொரிகடலை விற்போர். அவ்வாண்டு பெயர்பெற்ற நாகசுரக் கலைஞர் ஒருவர் தம் கருவியை உறையிலிட்டு வைத்துவிட்டுக் காய்கறி விற்றதை அடியேன் கண்டேன். உழைத்து உண்பதில் இழிவில்லை. எனினும் நாற்பது ஆண்டு மூச்சு அந்தக் குழலுக்குள் இருக்கிறதே!

அடியேனுக்கும் மேடையில்லை. பேரன் ஒரு கைப்பேசியைப் புத்தக அடுக்கின்மேல் சாய்த்து வைத்து, “இதைப் பார்த்துப் பேசுங்கள், தாத்தா” என்றான். பேசினேன். சிங்கப்பூரிலும் ஈப்போவிலும் இருந்து கேட்டதாக எழுதினார்கள்; மகிழ்ச்சியே. ஆனால் சொற்பொழிவு என்பது ஒருவர் பேசுவதன்று. முன்வரிசையில் ஓர் அம்மை கண்ணைத் துடைத்தால் அங்கே நின்று இரண்டு சொல் கூடுதலாகச் சொல்வோம். பின்வரிசையில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தால் கதையை ஓட்டுவோம். கைப்பேசி கண்ணீரும் விடாது, கொட்டாவியும் விடாது.

இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். இத்திருக்கோயிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் திருமுறை ஓதிய நம் ஓதுவாமூர்த்தியை நீங்கள் அறிவீர்கள். அடியேன் சொற்பொழிவு தொடங்குமுன் பஞ்சபுராணம் பாடுபவர் அவரே. கதவு அடைந்திருந்த அந்த மாதங்களிலும் பணியாளர் என்ற முறையில் அவர் உள்ளே சென்றார், காலந்தோறும் பாடினார். எதிரே நந்தி ஒன்றே கேட்போர். “இப்போதுதான் ஐயா, யாருக்காகப் பாடுகிறேன் என்பது ஐயமில்லாமல் தெரிகிறது” என்று அடியேனிடம் ஒருநாள் சொன்னார். செப்டம்பர் 1 அன்று திருக்கோயில்கள் அடியார்க்குத் திறக்கப்பட்டன. தேங்காய், பூ, பழம் எதுவும் கொண்டு செல்லாமல், வெறுங்கையராய் விலகி விலகி நின்று கும்பிட்டோம். அன்று அவர் பாடிய தக்கேசிப் பண்ணை, காம்போதி என்று நாம் அறிவதை, கேட்டவர் மறக்கமாட்டார்கள். புரட்டாசியில், தேவர்களின் அர்த்தசாமத்தில், அந்நோயே அவரைக் கொண்டுசென்றது. வாழ்நாளெல்லாம் பிறர் இல்லத்துத் துயரிலும் சென்று திருவாசகம் ஓதியவர். அவர் இறுதிப் பயணத்தில் ஓதுவதற்கு எவரையும் விடவில்லை. விதி அவ்வாறு இருந்தது, குறை கூறுவதற்கில்லை. அடியேன் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஓதினேன்.

அக்கார்த்திகையில், நவம்பர் 29 அன்று, அண்ணாமலையில் தீபம் ஏறியது. மலை ஏறவோ வலம் வரவோ அடியார்க்கு இசைவில்லை. பின்னர் டிசம்பர் 30, இரண்டாவது திருவாதிரை. இம்மண்டபத்தில் பூசை உண்டு, களி உண்டு, பாட்டு இல்லை.

தேவர்களின் ஒரு நாள் இவ்வாறு முடிந்தது. அடுத்த நாள் விடிந்ததா என்று கேட்பீர்கள். திருமுறை கண்ட வரலாற்றை நினைவுகூருங்கள். தில்லையில் பூட்டிய அறையைத் திறந்தபோது ஏடுகளைக் கறையான் மூடியிருந்தது. போனது போக எஞ்சியதை இராசராச மன்னரும் நம்பியாண்டார் நம்பிகளும் எடுத்தார்கள். எடுத்த பின்பும் ஏட்டில் எழுத்து இருந்ததே ஒழியப் பண் இல்லை. பண் வகுத்தவர் யார்? திருஎருக்கத்தம்புலியூரில், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண். மன்னரும் நம்பியும் அந்த அம்மையாரைத் தேடிச் சென்றார்கள். தேவாரத்தின் இசை நமக்குத் திரும்பக் கிடைத்தது ஒரு பெண்ணின் தொண்டையிலிருந்து என்பதைச் சைவ உலகம் அடிக்கடி மறந்துவிடுகிறது. 2021 ஆகஸ்டில் மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலுக்குப் பெண் ஓதுவார் ஒருவர் நியமிக்கப்பட்டபோது, இதென்ன புதுமை என்றார்கள். புதுமையன்று, மிகப் பழமை.

நம் ஊரிலும் அது நிகழ்ந்திருக்கிறது. பூத்தொடுக்கும் குடும்பத்துச் சிறுமி ஒருத்தி, தொழிலின்றிக் கிடந்த அந்த மாதங்களில் நாள்தோறும் மாலையில் கோபுரத்துத் திட்டிவாசல் அருகே அமர்ந்து, உள்ளிருந்து வந்த பாட்டைக் கேட்டாள். கேட்டதைத் தானே பாடினாள். ஓதுவார் அதைச் செவியுற்று, திட்டிவாசலுக்கு உள்ளே அவரும் வெளியே அவளுமாக நின்று, ஐந்து மாதம் பாடம் சொன்னார். நட்டபாடையும் கொல்லியும் அவ்வாறு அவளுக்கு வந்தன. அவர் மறைந்தபின் வெளியூரில் வேறோர் ஓதுவாரிடம் வாரந்தோறும் சென்று முறையாகப் பயின்றுவருகிறாள். பேருந்துக் கட்டணம் தாய் தொடுக்கும் பூவிலிருந்து வருகிறது.

இக்கோயிலின் ஓதுவார் பணியிடம் அன்று முதல் வெறுமையாகவே உள்ளது. தஞ்சையில் 48 பேர். இங்கே ஒருவரும் இல்லை. எதிர்காலம் பற்றிய அடியேனின் நம்பிக்கை மிகச் சிறியது. இத்திருவிழாவில் ஒளித்தோரணங்களுக்கும் வாணவேடிக்கைக்கும் ஆகும் செலவில் பத்தில் ஒரு பங்கை விழாக்குழுவினர் ஒதுக்கினால், அப்பெண்ணின் பயிற்சி இடையறாது நடக்கும். அவளிடம் ஞாயிறுதோறும் பாடம் கேட்க இத்தெருப் பிள்ளைகள் பதினொருவர் ஆயத்தமாக இருக்கிறார்கள். பணியிடத்தை நிரப்புவது அதற்குரியவர்கள் கடன்; அதுவரை பாட்டு நில்லாமல் காப்பது நம் கடன். செயலாளர் அவர்கள் முன்வரிசையில் அமர்ந்து தலையசைக்கிறார். இத்தனை பேர் முன்னிலையில் அசைத்த தலை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு அன்புடன் வேண்டுகிறேன்.

பொழுதாயிற்று. நாளை வைகறையில் திருமுழுக்கின்போது அவளே ஓதுவாள். இப்போது, இரவுப் பண்ணாகிய மேகராகக்குறிஞ்சியில், நீலாம்பரி என்று நாம் வழங்குவதில், ஒரு பதிகம் விண்ணப்பம் செய்வாள். ஒலிபெருக்கியைச் சற்றுத் தாழ்த்தி வையுங்கள். அந்தக் குரலுக்கு அது தேவையில்லை.

திருச்சிற்றம்பலம்.