இரைப்பைப் புற்றுநோய்: யாரைத் தேடிச் செல்வது?

(சுகாதாரத் துறை அலுவலர்களுக்கும் மாணவர்களுக்கும் ஆற்றிய உரையின் வாசகம்)

வயிற்றெரிச்சலும் புளித்த ஏப்பமும் நம் நாட்டில் நோயாகவே கருதப்படுவதில்லை. காரம் மிகுதி, வேளை தவறிய உணவு, கவலை என்று ஏதேனும் ஒரு காரணம் கூறி, மருந்துக் கடையில் அமிலம் தணிக்கும் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு வேலைக்குத் திரும்புவோர் பலர். அவர்களுள் மிகப் பெரும்பாலோருக்குத் தீங்கு நேர்வதில்லை. ஆனால் ஒரு சிலருக்கு அந்த மாத்திரை, உள்ளே வளர்ந்துவரும் புற்றுநோயின் முதல் அறிகுறியை மறைக்கும் திரையாகிவிடுகிறது. அந்தச் சிலரை எவ்வாறு காலத்தே கண்டறிவது என்பதே இங்கு ஆராயத்தக்க கேள்வி.

அமிலத்தில் வாழும் கிருமி

இரைப்பையின் கடும் அமிலத்தில் எந்த நுண்ணுயிரும் நிலைத்து வாழ இயலாது என்பதே நெடுங்காலம் மருத்துவ உலகின் நம்பிக்கையாக இருந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன் என்ற நோயியல் வல்லுநர் 1979-ஆம் ஆண்டில் இரைப்பைத் திசுவில் வளைந்த வடிவமுடைய பாக்டீரியாக்களைக் கண்டார். பின்னர் இளம் மருத்துவரான பாரி மார்ஷல் அவருடன் இணைந்தார். அக்கிருமியை ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் முயற்சி பலமுறை தோல்வியுற்றது. இரண்டு நாட்களில் எதுவும் வளராவிடில் தட்டுகளை எறிந்துவிடுவது வழக்கம். 1982-ல் ஈஸ்டர் விடுமுறை குறுக்கிட்டதால் தட்டுகள் ஐந்து நாட்கள் விடப்பட்டன, கிருமி வளர்ந்திருந்தது. 1984-ல் மார்ஷல் அக்கிருமி கலந்த நீரைத் தாமே அருந்தி, இரைப்பை அழற்சிக்கு ஆளாகி, அதன் வலிமையை மெய்ப்பித்தார். இவ்விருவருக்கும் 2005-ல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஹெலிகோபாக்டர் பைலோரி எனப்படும் இக்கிருமி, யூரியேஸ் என்ற நொதியின் துணையால் தன்னைச் சுற்றி அம்மோனியாவை உண்டாக்கி அமிலத்தைச் சமன்செய்து கொள்கிறது. பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், குடும்பத்தினரிடமிருந்து இது தொற்றுகிறது. நெருக்கமான குடியிருப்பும் துப்புரவுக் குறைவும் இதற்கு இடமளிக்கின்றன. சிகிச்சை பெறாவிடில் வாழ்நாள் முழுவதும் தங்கிவிடுகிறது. தொற்று முதலில் நாட்பட்ட அழற்சியை உண்டாக்குகிறது. சிலருக்கு இரைப்பையின் உட்சவ்வு மெலிகிறது; பின்பு அது குடலின் சவ்வைப் போல உருமாறுகிறது; இறுதியில் உயிரணுக்கள் நெறிகெட்டுப் புற்றாகின்றன. இம்மாற்றம் முற்றுப்பெறப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1994-ல் இக்கிருமியைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது.

கிருமி மட்டும் போதாது

இங்கு ஒரு புதிர் எழுகிறது. இந்தியாவில் வயது வந்தோரிடையே இத்தொற்று மிகப் பரவலாக உள்ளது. ஆயினும் ஜப்பான், கொரியா ஆகிய நாடுகளோடு ஒப்பிடுகையில் இங்கு இரைப்பைப் புற்றுநோய் குறைவே. தொற்றுடையோருள் நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரையே இந்நோய்க்கு ஆளாவதாக மதிப்பிடப்படுகிறது. எனவே கிருமி விதை போன்றது. அது முளைக்க நிலமும் வேண்டும்.

அந்த நிலம் நாடெங்கும் ஒன்றுபோல் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தின்கீழ் 1982 முதல் பம்பாய், பெங்களூர், சென்னை ஆகிய நகரங்களில் தகவல்கள் திரட்டப்பட்டன. சென்னையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களுள் இரைப்பைப் புற்றுநோய் பல ஆண்டுகளாக முன்வரிசையில் இருந்து வந்துள்ளது. வடகிழக்கில் பதிவேடுகள் தொடங்கப்பட்ட பின்னரோ, மிசோரம் மாநிலம் இந்நோயில் நாட்டிலேயே முதன்மை பெறுவது புலனாயிற்று. அங்கு நிகழ்ந்த ஆய்வுகள், புகையூட்டி உப்பிட்டு உலர்த்திய இறைச்சியையும் மீனையும் மிகுதியாக உண்பதையும், புகைபிடித்தலையும், புகையிலைப் புகையை நீரில் கரைத்துத் தயாரிக்கும் ‘துய்பூர்’ என்ற பானத்தையும் இந்நோயோடு தொடர்புபடுத்துகின்றன. மிகுந்த உப்பு, புகையிலை, காய்கனிகள் குறைந்த உணவு, கிருமியின் வகை, குடும்ப மரபு ஆகியவை ஒன்றுசேரும்போதே ஆபத்து பெருகுகிறது.

பிற நாடுகள் காட்டும் வழி

ஜப்பான் 1960-களிலேயே பேரியம் ஊடுகதிர்ப் படத்தின் வாயிலாகப் பரிசோதனையைத் தொடங்கியது. கொரியா 40 வயதைக் கடந்தோர் அனைவருக்கும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இரைப்பைப் பரிசோதனை அளிக்கிறது. அதன் பயனாக நோய் பெரும்பாலும் தொடக்க நிலையிலேயே பிடிபடுகிறது. நோயுற்றோரில் நான்கில் மூவருக்கும் மேற்பட்டோர் ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்கின்றனர்.

நோய் குறைவாக உள்ள பரந்த நாட்டில் அனைவருக்கும் எண்டோஸ்கோப்பி செய்வது இயலாது, தேவையும் இல்லை. 2016-ல் வகுக்கப்பட்ட நம் தேசியப் பரிசோதனை நெறிமுறையும் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்களையே தெரிந்தெடுத்தது. ஆனால் அனைவரையும் சோதிக்க இயலாது என்பதால் எவரையும் சோதிக்க வேண்டியதில்லை என்று பொருளாகாது.

யாரை முதலில் அணுக வேண்டும் என்பதற்குக் கொரியாவில் நிகழ்ந்த ஓர் ஆய்வு விடை தருகிறது. இரைப்பைப் புற்றுநோயாளிகளின் பெற்றோர், உடன்பிறந்தோர், மக்கள் ஆகியோருள் கிருமித் தொற்று உடையவர்கள் அதில் இடம்பெற்றனர். ஏறத்தாழ 9 ஆண்டுகளுக்குப் பின், கிருமியை ஒழிக்கும் மருந்து பெற்ற 832 பேரில் 10 பேருக்கும், பெறாத 844 பேரில் 23 பேருக்கும் புற்றுநோய் தோன்றியிருந்தது. 2020-ல் வெளியான இம்முடிவு, நோயாளியின் படுக்கையருகே நிற்கும் உறவினரே பரிசோதனைக்கு முதல் உரியவர் என்பதை உணர்த்துகிறது.

செய்ய வேண்டியவை

மருத்துவமனையில் ஒருவருக்கு இந்நோய் உறுதிப்பட்டால், அவர்தம் நெருங்கிய உறவினரின் பட்டியல் அன்றே எழுதப்பட வேண்டும். யூரியா மூச்சுச் சோதனையோ மலச் சோதனையோ தொற்றைக் காட்டிவிடும். இரத்தச் சோதனை பழைய தொற்றையும் இன்றைய தொற்றையும் பிரித்துக் காட்டாது. அமிலம் குறைக்கும் மாத்திரைகளை இரண்டு வாரங்களும், ஆன்டிபயாடிக் மருந்துகளை நான்கு வாரங்களும் நிறுத்திய பின்னரே சோதிக்க வேண்டும்; இன்றேல் இருக்கும் கிருமியும் இல்லாததுபோல் தோன்றும்.

சிகிச்சை பொதுவாக 14 நாட்கள். இடையில் நிறுத்தினால் கிருமி மருந்தை எதிர்க்கும் வலிமை பெறும். மெட்ரோனிடசோல் போன்ற மருந்துகளுக்கு இந்தியாவில் இவ்வெதிர்ப்பு ஏற்கெனவே மிகுந்துள்ளது. ஆகவே, கண்மூடித்தனமாக எல்லோருக்கும் மருந்து வழங்குவது தீர்வாகாது. கிருமி அழிந்தபின்னும், சவ்வு உருமாறிவிட்டவர்களுக்கு எண்டோஸ்கோப்பிக் கண்காணிப்பு தொடர வேண்டும்.

காரணமின்றி உடல் மெலிதல், உணவு விழுங்க இயலாமை, ஓயாத வாந்தி, கறுத்த மலம், இரத்தசோகை ஆகியவற்றுள் ஒன்று காணப்பட்டாலும், மாத்திரை தந்து திருப்பி அனுப்பாமல் எண்டோஸ்கோப்பிக்குப் பரிந்துரைப்பது ஆரம்பச் சுகாதார நிலையத்தின் கடமை. தூய குடிநீரும் கழிப்பறையும் வருங்காலத் தலைமுறையைத் தொற்றினின்று காக்கும். இன்றைய தலைமுறையைக் காப்பதோ, ‘உங்கள் குடும்பத்தில் யாருக்கேனும் இந்நோய் இருந்ததா?’ என்று சுகாதார ஊழியர் கேட்கும் கேள்வியிலிருந்தே தொடங்குகிறது. அதற்குச் செலவு ஏதுமில்லை.